இடம் எங்கே போனது?

கையடக்கத் தொலைபேசியில் "இடம் போதாது" என்ற அறிவித்தலைக் காணாதவர் எமது வீடுகளில் அரிது. பல கணினிகளைத் தன்னுள் தாங்கும் ஒரு கணினிக்கு இந்நிலை ஏற்பட்டால் என்னவாகும்? தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவி என்ற வகையில் நான் விளங்கிக்கொண்டதை எளிமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையுடன் வேறு பல கணினிகளை இயக்கலாம். இவற்றை மெய்நிகர் இயந்திரங்கள் என்பர். ஐபிஎம் நிறுவனம் 1972 இலேயே தனது பெருங்கணினிகளில் இவ்வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளால் எமது மேசைக் கணினியிலும் இதைச் செய்யலாம். மெய்நிகர் இயந்திரம் தன்னுடைய வன்தட்டு என எண்ணுவது, தாங்கும் கணினியில் உள்ள ஒரு பெரிய கோப்பு மாத்திரமே.

500 ஜிகாபைற் வன்தட்டில், தலா 100 ஜிகாபைற் கொண்ட ஆறு இயந்திரங்களை உருவாக்கலாம். கணக்கு இடிக்கிறதல்லவா? கோப்பு முதலில் சிறிதாக இருந்து, பாவிக்கப் பாவிக்கவே வளர்கிறது. எமது தாய்மார் பிடிக்கும் சீட்டைப் போன்றது இது. முறைப்படி எடுக்கும்வரை பிரச்சினையில்லை. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் கொடுக்கப் பணமிராது. இடம் முடிந்ததும், எழுத முயலும் இயந்திரம் இடைநிறுத்தப்படும். ஒரு தவணை முழுவதும் செய்த செயற்றிட்டம் அதற்குள் இருந்தால் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

அவ்வேளை எதையும் அவசரப்பட்டு அழிக்கக் கூடாது. முதலில் அளக்க வேண்டும். லினக்ஸில் 'டிஎஃப்' என்ற கட்டளை மொத்தமாக எவ்வளவு இடம் நிரம்பியுள்ளது என்று காட்டும். 'டியூ' எந்தக் கோப்புறை எவ்வளவு பிடித்துள்ளது என்று காட்டும். இரண்டும் பொருந்தாவிட்டால், அழித்த ஒரு கோப்பை ஏதோவொரு செய்நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அச்செய்நிரலை நிறுத்தினால் இடம் திரும்பக் கிடைக்கும்.

அடுத்து, பழைய நிறுவல் கோப்புகள், காப்புப் பிரதிகள், பதிவுக் கோப்புகள், ஸ்னப்ஷொட்டுகள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்னப்ஷொட் என்பது இயந்திரத்தின் ஒரு கணத்து நிலையைப் பாதுகாப்பது. அதன் பின்னர் எழுதப்படுவதெல்லாம் தனிக் கோப்பொன்றில் சேர்கிறது. அக்கோப்பைக் கையால் அழித்தால் அண்மைய வேலை முழுவதும் போய்விடும். மென்பொருளின் வழியாகவே ஸ்னப்ஷொட்டை நீக்க வேண்டும். அது மாற்றங்களை ஒன்றிணைத்துவிடும். இணைக்கவும் சற்று இடம் தேவைப்படலாம் என்பதால், தேவையற்ற நிறுவல் கோப்புகளை முதலில் அகற்றுவது நல்லது.

பலரை ஏமாற்றும் விடயம் ஒன்றுண்டு. மெய்நிகர் இயந்திரத்தினுள் கோப்புகளை அழித்தாலும் வெளியே உள்ள பெரிய கோப்பு தானாகச் சிறுப்பதில்லை. உள்ளே அழித்தது வெளியே தெரியாததே காரணம். அதைத் தெரிவிக்கும் வசதியை இயக்க வேண்டும். அல்லது இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கோப்பைச் சுருக்க வேண்டும்.

சகோதரிகளே, காப்புப் பிரதியை அதே வன்தட்டில் வைக்காதீர்கள். வேறொரு தட்டில் வையுங்கள். வாரம் ஒருமுறை மீதியிடத்தைப் பார்த்துக்கொண்டால், செயற்றிட்டம் ஒப்படைக்கும் நாளில் கலங்க நேராது.