கற்பனைக் குடிகள் – 9: முதலில் மணல், பிறகு சாமி

ஒரு பழங்குடியைக் கற்பனையில் உருவாக்கப் புறப்படும் எழுத்தாளர்களில் பலர் சாமியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த மக்கள் மரத்தைக் கும்பிடுவார்கள், வேட்டையில் விழுந்த மானிடம் மன்னிப்புக் கேட்பார்கள், நிலவில் ஆடுவார்கள். அவர்கள் எதைத் தின்றார்கள், எதற்காக இடம்பெயர்ந்தார்கள், செத்தவரை என்ன செய்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. அலைகுடி என்றால் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். தூக்கிக்கொண்டு நடக்க முடியாத எதையும் வைத்துக்கொள்ளாத மக்கள் அவர்கள். அவர்களுடைய நம்பிக்கையும் அப்படிச் சுமந்து செல்லும் அளவுக்குத் தேவையானதாக இருந்தாக வேண்டும்.

ஃப்ராங்க் ஹெர்பர்ட் மணலிலிருந்து தொடங்கினார். பத்திரிகையாளரான அவர் 1957-ல் அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில் இருக்கும் ஃப்ளோரன்ஸ் என்ற ஊருக்குப் போனார். அங்கே மணல்மேடுகள் காற்றில் நகர்ந்து வந்து சாலைகளை மூடிக்கொண்டிருந்தன. வேளாண் துறையினர் புல் நட்டு அந்த மணலைக் கட்டிப்போட முயன்றார்கள். ஹெர்பர்ட் சிறு விமானம் ஒன்றை அமர்த்தி மேலிருந்து பார்த்தார், குறிப்பெடுத்தார். எழுத நினைத்த கட்டுரை வெளிவரவேயில்லை. ஆனால் பாலைவனங்களையும் அங்கே வாழ்ந்தவர்களையும் அங்கே பிறந்த மதங்களையும் பற்றிப் படிக்கத் தொடங்கியவர் ஆண்டுக்கணக்கில் நிறுத்தவில்லை. அந்தப் படிப்பு 1963 டிசம்பரில் ‘அனலாக்’ இதழில் தொடர்கதையாக வரத் தொடங்கியது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் மறுத்த பிறகு, கார் பழுதுபார்க்கும் கையேடுகளுக்குப் பேர்போன சில்டன் நிறுவனம் 1965-ல் அதை நூலாக்கியது. அதுதான் ‘டியூன்’.

அராக்கிஸ் என்ற கோளில் மழையே கிடையாது. அங்கே வாழும் ஃப்ரெமென் மக்களின் முன்னோர் கோள்விட்டுக் கோள் விரட்டப்பட்ட நாடோடிகள். இப்போது பாறைக் குகைகளில் ஒதுங்கி, ராட்சத மணற்புழுவின் முதுகில் ஏறிப் பாலை கடக்கிறார்கள். வியர்வையையும் மூச்சின் ஈரத்தையும் பிடித்து வடிகட்டி, குடிநீராகத் திருப்பித் தரும் உடையை அணிகிறார்கள். மற்றதெல்லாம் இந்த நீர்க்கணக்கு ஒன்றிலிருந்தே கிளைக்கிறது. ஃப்ரெமென் தலைவன் ஸ்டில்கர், புதிதாக வந்த ஆட்சியாளர் முன்னால் மேசைமீது எச்சில் துப்புகிறான். சுற்றி நிற்பவர்களின் கை கத்திக்குப் போகிறது. அந்த மக்களை அறிந்த ஒருவர் மட்டும் அதை நன்றியோடு ஏற்கிறார், ஏனென்றால் அவன் கொடுத்தது தன் உடம்பின் ஈரம். ஒருவர் இறந்தால் உடலின் நீர் குடிக்குச் சொந்தம். ஜாமிஸ் என்பவன் இறந்தபோது முப்பத்துமூன்று லிட்டர் சொச்சம் என்று அளந்து அறிவிக்கிறார்கள். அவனைக் கொன்ற இளைஞன், அந்தப் புதிய ஆட்சியாளரின் மகன் பால், இறுதிச் சடங்கில் அழுதுவிடுகிறான். கூட்டம் திகைத்துப்போய் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறது: செத்தவனுக்கு நீர் கொடுக்கிறானே!

இந்தக் காட்சியை எழுத ஹெர்பர்ட்டுக்கு மந்திரமோ தீபமோ தேவைப்படவில்லை. கண்ணீர் அங்கே புனிதமானது என்பதை வாசகர் யாரும் சொல்லாமலே உணர்கிறார். தொல்காப்பியம் தெய்வத்தைக் கருப்பொருள்களின் வரிசையில் உணவோடும் விலங்கோடும் பறையோடும் சேர்த்தே வைக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள், தெய்வம் அவற்றிலிருந்து கருக்கொள்வது. அந்த முறையைப் படித்து வளர்ந்த நமக்கு ஹெர்பர்ட் செய்த வேலை சட்டென்று பிடிபட்டுவிடும்.

மணற்புழுவுக்கு ஃப்ரெமென்கள் வைத்த பெயர் ஷாய்-ஹுலூத். அதுவே அவர்கள் சாமி, வாகனம், கத்திக்கான பல்லைத் தருவதும் அதுதான். தாளம் தவறாமல் நடந்தால் அதிர்வு கேட்டு அது மேலே வந்து விழுங்கிவிடும் என்பதால் தாளம் கெடுத்து நடக்கக் கற்றிருக்கிறார்கள். பக்தியும் பயமும் அவர்கள் நடையிலேயே கலந்திருக்கின்றன. ஆனால் என்னை இந்த நாவலில் உலுக்கியது வேறொன்று. அந்தப் புழுவுக்குத் தண்ணீர் நஞ்சு. குட்டிப் புழு ஒன்றைத் தண்ணீரில் மூழ்கடித்துக் கொன்று, அது கக்கும் திரவத்தைத்தான் தங்கள் மிகப் புனிதமான சடங்கில் அருந்துகிறார்கள். கும்பிடுவதும் கொல்வதும் ஒரே கிண்ணத்தில்.

அதைவிடப் பெரிய முரண், இந்த மக்கள் தங்கள் பாலைவனம் பாலைவனமாகவே இருக்க வேண்டும் என்று விரும்பவில்லை. பார்டாட் கைன்ஸ் என்ற சூழலியலாளர், நிலத்தின் 3 சதவீதத்தைப் பசுமையாக்கினால் மீதியை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். முந்நூறு முதல் ஐந்நூறு ஆண்டுகள் ஆகும் என்கிறார். சரி என்று அவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். பேரனின் பேரன்கூடப் பார்க்க முடியாத மரத்துக்காகக் குகைக்குள் ஏராளமாக நீரைச் சேமிக்கிறார்கள். தாகத்தில் தவிக்கும்போதும் அந்த நீரை ஒருவரும் தொடுவதில்லை. வானிலிருந்து வேவு பார்க்காமலிருக்க விண்கலச் சங்கத்துக்கு லஞ்சமும் கட்டுகிறார்கள். ‘இயற்கையோடு இயைந்த வாழ்வு’ என்று பழங்குடிகளை ஓவியச் சட்டகத்துக்குள் நிறுத்திவிடும் எழுத்துகளைப் படித்துச் சலித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! இவர்களுக்கு ஆசை இருக்கிறது, திட்டம் இருக்கிறது, தவறு செய்யும் உரிமையும் இருக்கிறது.

அவர்களுடைய நம்பிக்கைகளில் ஒரு பகுதி வெளியார் விதைத்தது என்பதையும் ஹெர்பர்ட் மறைக்கவில்லை. பெனே கெஸரிட் என்ற பெண் துறவியர் அமைப்பு, பின்னாளில் தங்கள் ஆட்களுக்குப் பயன்படட்டும் என்று மீட்பர் கதைகளை முன்பே பரப்பி வைத்திருக்கிறது. பால் வந்து இறங்கும்போது அவனுக்கான அரியணை ஏற்கெனவே தயார். மதப் பரப்புரையும் பேரரசும் கைகோத்து நடந்த எந்த நாட்டு வரலாற்றைப் படித்தவருக்கும் இது கற்பனையாகத் தோன்றாது.

இவ்வளவு பாராட்டிய பிறகு கடனையும் சொல்ல வேண்டும். ஃப்ரெமென்களின் சொற்களில் பெரும்பங்கு அரபு. காகசஸ் மலைமக்கள் இமாம் ஷாமில் தலைமையில் ரஷ்யப் பேரரசை எதிர்த்த போரைப் பற்றி லெஸ்லி பிளான்ச் 1960-ல் எழுதிய நூலிலிருந்து சாகோப்ஸா என்ற வேட்டைமொழி, கின்ஜல் என்ற குத்துவாள், கான்லி என்ற குலப்பகை எல்லாம் நாவலுக்குள் வந்தன. அமெரிக்காவின் குவிலியூட் பழங்குடியினரோடு வளர்ந்த ஹவர்ட் ஹான்சன் என்ற நண்பர், காடழிப்பு அந்த மக்களின் நிலத்தை என்ன செய்தது என்று ஹெர்பர்ட்டிடம் பேசியிருக்கிறார். ஆனால் நூலின் காணிக்கை வறண்ட நிலச் சூழலியலாளர்களுக்கு மட்டுமே. அரபு நாடோடிகளான பெதூயின்களுக்கோ காகசஸ் மலைமக்களுக்கோ குவிலியூட்களுக்கோ அங்கே ஒரு வரியும் இல்லை. புல் நட்டவர்களை நினைத்தவர் சொல்லும் சடங்கும் தந்தவர்களையும் நினைத்திருக்கலாம். 2021-ல் வந்த டெனி வில்னேவின் திரைப்படம் ஜோர்டானின் வாடி ரம்மிலும் அபுதாபி பாலையிலும் எடுக்கப்பட்டது. ஆனால் முக்கியமான ஃப்ரெமென் பாத்திரங்களில் அரபு நடிகர்கள் இல்லை என்ற குறை அப்போதே எழுந்தது. நாவலில் அடிக்கடி வரும் ‘ஜிஹாத்’ படத்தில் ‘புனிதப் போர்’ ஆகிவிட்டது. கடன் வாங்கிய இடத்தின் அடையாளம் இன்னும் ஒரு படி அழிந்தது.

ஃப்ரெமென்களின் கதையை ஹெர்பர்ட் அவர்களின் வெற்றியோடு நிறுத்தவில்லை. ‘டியூன்’ வரிசையில் 1976-ல் வந்த மூன்றாம் நாவலில் அராக்கிஸ் பச்சை பிடிக்கத் தொடங்குகிறது. ஈரம் பரவப் பரவப் புழுக்கள் குறைகின்றன. 1981-ல் வந்த நான்காம் நாவலில் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன, ஆறு பாய்கிறது, காடு நிற்கிறது. அங்கே ‘அருங்காட்சியக ஃப்ரெமென்’ என்று ஒரு கூட்டம் இருக்கிறது. முன்னோரின் உடையைப் போட்டுக்கொண்டு, பொருள் தெரியாத சடங்குகளைப் பார்வையாளர்களுக்காகச் செய்து காட்டுவதே அவர்கள் பிழைப்பு. ஈரத்தைச் சேமிக்கத் தேவையில்லாத ஊரில் அவர்களுடைய உடை ஒரு துளியையும் பிடிப்பதில்லை.

(தொடரும்)