கொம்பு, மரம், கார்பன்: ஒரே பாரம், வேறு வேறு இழுப்பு

இரண்டு வில் இருக்கின்றன. இரண்டும் 40 பவுண்டு. அதாவது, முழுதாக இழுத்துப் பிடித்தால் விரல்களில் சுமார் 18 கிலோ பாரம். ஆனால் ஒன்று தொடக்கத்தில் இலேசாக வந்து, கடைசி இரண்டு அங்குலத்தில் பிடிவாதம் பிடிக்கிறது. மற்றது எடுத்த எடுப்பிலேயே முரண்டு செய்துவிட்டு, பிறகு இணங்கி வருகிறது. அம்பை விட்டதும் ஒன்று இடக்கையை உதறுகிறது. இன்னொன்று அடங்கி நின்றுவிடுகிறது.

காரணம் கேட்டால் வில்லாளர்கள் பொருளைத்தான் சொல்வார்கள். மூங்கில் மென்மை, கார்பன் விறைப்பு, கொம்புக்கு உயிர் உண்டு என்பார்கள். பாதி சரி. எந்த வடிவத்தில் வில் செய்யலாம், எவ்வளவு எடையில் செய்யலாம் என்பதைப் பொருள் தீர்மானிக்கிறது. நம் கை உணர்வது பெரும்பாலும் அந்த வடிவத்தையும் எடையையும்தான்.

பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதிகளை வில்லாளர்கள் ‘லிம்ப்’ என்கிறார்கள். லிம்ப் வளையும்போது இலக்கைப் பார்த்த வெளிப்புறம் நீள்கிறது, நம்மைப் பார்த்த உட்புறம் நசுங்குகிறது. மரம் இந்த இரண்டையும் ஒரு சதவீதம் அளவுக்குத்தான் தாங்கும். அதைத் தாண்டினால் உட்புறம் மடிப்பு விழும், அல்லது வெளிப்புறம் சிம்பு சிம்பாகப் பிளக்கும். எனவே ஒற்றை மரத்தில் செய்த வில் நீளமாக இருந்தே ஆகவேண்டும். வளைவைப் பரவலாகப் பங்கிட வேறு வழியில்லை. 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 137 முழு வில் கிடைத்தன. யூ மரத்தில் செய்தவை, ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம். அந்த மரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இழுவையைத் தாங்கும் வெளிமரத்தை வெளிப்புறமாகவும், நசுக்கலைத் தாங்கும் வைரத்தை உட்புறமாகவும் வைத்துச் செதுக்குவார்கள்.

எருமைக் கொம்பும் விலங்கின் தசைநாரும் மரத்தைவிடப் பல மடங்கு வளைவைப் பொறுத்துக்கொள்ளும். உட்புறம் கொம்பு, வெளிப்புறம் தசைநார், நடுவே மரமோ மூங்கிலோ வைத்து ஒட்டினால், குட்டையான வில்லையே நெடுந்தூரம் இழுக்கலாம். கொரியாவின் ‘கக்குங்’ இதற்கு நல்ல உதாரணம். நாணைக் கழற்றினால் அது முன்பக்கமாகச் சுருண்டு கிட்டத்தட்ட வட்டமாகிவிடும். நாண் பூட்டும்போதே எதிர்ப்புறம் வெகுதூரம் வளைத்தாகிவிட்டதால், இழுக்கத் தொடங்கும்போதே விசை நிறைந்திருக்கும். அந்த ‘எடுத்த எடுப்பு முரண்டு’ இதுதான். முடிவில் இறுகாததற்குக் காரணம் முன்நோக்கி வளைந்த நுனிகள். நேர் வில்லை ஆழமாக இழுத்தால் நாணும் நுனியும் சேரும் கோணம் விரிந்து, நமக்குக் கிடைக்கும் நெம்பு குறைகிறது. பாரம் திடீரென்று ஏறுகிறது. வளைந்த நுனி அந்தக் கோணத்தை அடக்கி வைக்கிறது. இழுத்த தூரம் முழுவதும் விசை நிறைந்திருப்பதால், 40 பவுண்டிலேயே கூடுதல் ஆற்றல் சேரும். கொரியப் போட்டிகளில் இலக்கு 145 மீட்டர் தள்ளி நிற்பதை நினைத்தால் இதன் பயன் தெரியும்.

‘கொம்பு வில் இப்படித்தான்’ என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. சீனாவை ஆண்ட மஞ்சூக்களின் வில்லும் கொம்பும் தசைநாரும்தான். ஆனால் அதன் நுனிகள் நீண்டு கனத்தவை. கனமான அம்பை நிதானமாக, பலமாகத் தள்ளுவதற்கானவை. கக்குங்கின் நுனிகளோ இலேசு. சிறிய அம்பைச் சட்டென்று விரட்டும். பொருள் ஒன்று, கைக்கு வரும் அனுபவம் வேறு.

கக்குங்கின் பெரிய எதிரி ஈரம். அதை ஒட்டுவது மீனின் காற்றுப்பையில் காய்ச்சிய பசை. காற்றில் ஈரம் ஏறினால் இளகும். ஆகவே செய்வது குளிர்காலத்தில். வைத்திருப்பது வெதுவெதுப்பான பெட்டியில். நாண் பூட்டும் முன் சூடு காட்டி, லிம்ப்களின் கோணலைச் சரிசெய்ய வேண்டும். சென்னை மழைக்காலத்தில் இப்படியொரு வில்லைப் பராமரிப்பதை நினைத்தாலே களைப்பாகிறது. இந்தியாவில் எஃகால் வில் செய்ததற்கும் இந்த ஈரமே காரணம் என்பார்கள். எஃகு பசை விடாது, ஆனால் கனம். அம்பை விரட்டுவதோடு தன் உடம்பையும் தூக்கி ஓடவேண்டியிருப்பதால் வேகம் குறையும்.

அம்பு பறந்த பிறகு லிம்ப்களில் மிஞ்சும் ஆற்றலே கை உதறலாக வருகிறது. அதிலும் நுனிகளின் எடைதான் முக்கியம். ஏனென்றால் அதிவேகமாக நகர்வது அவைதான். பிடியருகே நூறு கிராம் கூடினால் கைக்குத் தெரியாது. நுனியில் சில கிராம் கூடினாலே தெரிந்துவிடும்.

இப்போது கொரியாவிலேயே பெரும்பாலானோர் எய்வது கக்குங்கின் வடிவத்தில் கண்ணாடி இழையாலும் கார்பனாலும் செய்த வில்லை. ஈரத்தைப் பற்றிக் கவலையில்லை, விலையும் குறைவு. கண்ணாடி இழை நன்றாக வளையும், ஆனால் மரத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். கார்பன் அதைவிட இலேசு; விறைப்போ ஏறக்குறைய மூன்று மடங்கு. எனவே மெல்லிய பட்டையே போதும், நுனி இலேசாகும், அம்பு சட்டென்று பறக்கும். இழைகளைக் குறுக்காகச் சாய்த்துப் போட்டால் லிம்ப் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்வதும் குறையும். ஆனால் கார்பன் பட்டையில் ஆழமான கீறல் விழுந்தால் எச்சரிக்கை தேவை. வளைந்து கொடுக்காமல் முறியும்.

நடுப்பட்டை மூங்கிலா, மேப்பிளா என்று விளம்பரங்கள் நிறைய பேசுகின்றன. அதற்கு அவ்வளவு மதிப்புத் தர எனக்கு மனமில்லை. இழுவையையும் நசுக்கலையும் பெரும்பாலும் தாங்குவது வெளியே உள்ள இரண்டு பட்டைகள். நடுவே இருப்பது அவற்றை விலக்கி, ஒன்றாகப் பிடித்து வைக்கிறது. எடையிலும் அதிர்வு அடங்குவதிலும் சிறிது வித்தியாசம் வரும். அதற்காக இரட்டை விலை கொடுப்பது உங்கள் இஷ்டம்.

உங்கள் வில் கையை உதறுகிறதென்றால் லிம்ப்களை மாற்றுவதற்கு முன் அம்பை மாற்றிப் பாருங்கள். கனமான அம்பு ஆற்றலில் அதிகப் பங்கை எடுத்துக்கொண்டு போகும். லிம்ப்களில் மிஞ்சுவது குறையும். 40 பவுண்டு மரபு வில்லுக்கு 26 கிராம் அளவில் ஓர் அம்பை எய்து பார்த்துவிட்டு, பிறகு கடைக்காரரிடம் பேசலாம்.