விரிவாக்கத் தொகுப்பு (இணைய விளையாட்டு)

விரிவாக்கத் தொகுப்பு என்பது ஏற்கனவே வெளிவந்த கணினி விளையாட்டு ஒன்றுடன் புதிய நிலப்பகுதிகள், கதைகள், பாத்திரங்கள் முதலியவற்றைச் சேர்க்கும் மென்பொருள் ஆகும். மாதச் சந்தா செலுத்தி ஆடப்படும் இணைய விளையாட்டுக்களில் இதற்குத் தனிக் கட்டணம் பெறுவது முறையா என்பது நீண்டகாலமாக விவாதிக்கப்பட்டு வருகின்றது.

கட்டண முறைகள்

1999 இல் வெளியான எவர்குவெஸ்ட், 2000 ஆம் ஆண்டிலேயே தனது முதல் விரிவாக்கத்தைத் தனி விலைக்கு விற்றது. 2004 இல் வெளியான வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டும் இம்முறையையே பின்பற்றியது. மாறாக, ஐசுலாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் உருவாக்கி 2003 இல் வெளிவந்த ஈவ் ஆன்லைன், விரிவாக்கங்களைச் சந்தாதாரர்களுக்கு இலவசமாகவே வழங்கியது.

ஆதரவும் எதிர்ப்பும்

வழங்கிகளின் பராமரிப்பு, வழு திருத்தம், வாடிக்கையாளர் உதவி ஆகியவற்றுக்கே சந்தா செலவாகின்றது என்றும், புதிய உலகை உருவாக்கும் உழைப்புக்குத் தனி விலை தேவை என்றும் ஆதரவாளர்கள் கூறுவர். மாதந்தோறும் பெறும் தொகையிலேயே புதிய ஆக்கங்களும் அடங்க வேண்டும் என்பது எதிர்ப்போர் வாதம்.

வாங்காதவரின் நிலையே இவ்விவாதத்தின் மையம் ஆகும். 2007 சனவரியில் வெளியான வார்கிராஃப்டின் முதல் விரிவாக்கம், பாத்திரங்களின் உச்ச நிலையை 60 இலிருந்து 70 ஆக உயர்த்தியது. அதை வாங்காதவர், அதே சந்தாவைச் செலுத்தியும் நிலை 60 ஐத் தாண்ட இயலவில்லை. வாங்கிய நண்பர்களுடன் புதிய நிலப்பகுதிக்குச் செல்லவும் இயலவில்லை.

பிற்கால மாற்றம்

2018 முதல் வார்கிராஃப்டின் பழைய விரிவாக்கங்கள் சந்தாவுடன் சேர்க்கப்பட்டன. புதிதாக வெளிவருவதற்கு மட்டும் தனிக் கட்டணம் தொடர்ந்தது. இதனால் காத்திருக்க இயன்றவருக்குச் செலவு குறைந்தது. நண்பர்களுடன் உடனே ஆட விரும்புபவருக்குக் குறையவில்லை.