கோவில் இட்லியின் சுக்கு சர்க்கரையைக் குறைக்குமா?

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் நைவேத்தியமாகும் இட்லியில் மிளகு, சீரகத்தோடு சுக்கும் சேரும். சுக்கு சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேச்சுக்கு ஆய்வுக்கூடச் சான்று ஒன்று உண்டு. 2004இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இஞ்சியையும் அதிலுள்ள ஜிஞ்சராலையும் கொழுப்புச் செல்களில் சோதித்தார்கள். இன்சுலினுக்குச் செல்கள் இணங்குவது கூடியது. குளுக்கோஸையும் அதிகமாக இழுத்துக்கொண்டன.

ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் தானாகச் செல்லுக்குள் புகாது. அதற்குக் கதவு 'குளூட்-4' என்ற புரதம். கொழுப்பு, தசைச் செல்களில் அது பெரும்பாலும் உள்ளே நுண்பைகளில் முடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து ஏற்பியைத் தொட்டதும் உள்ளே செய்தி கைமாறும். பைகள் மேற்பரப்புக்கு நகர்ந்து கதவைப் பொருத்தும். இரண்டாம் வகை சர்க்கரை நோயில் இந்தச் செய்தி மங்கிவிடுகிறது. அதை ஒரு செடியின் சாறு மீட்குமா?

இதைச் சோதிக்க உலகெங்கும் பயன்படுவது '3டி3-எல்1' என்ற சுண்டெலிச் செல் வரிசை. ஆய்வாளர் ஹோவர்ட் கிரீன் 1970களில் அமெரிக்காவில் வளர்த்தெடுத்தது. இன்சுலினும் வேறு சில பொருட்களும் கொடுத்தால் சில நாட்களில் கொழுப்பு திரண்ட செல்லாக மாறும். அதில் சாற்றை விட்டு, செல்லால் எரித்துத் தீர்க்க முடியாத, அடையாளமிட்ட குளுக்கோஸைக் கொடுத்து, எவ்வளவு உள்ளே தங்கியது என்று அளப்பார்கள்.

இதில் ஒரு சிக்கல். கொழுப்புச் செல் இழுத்த சர்க்கரை கொழுப்பாகவும் சேரலாம். சர்க்கரை இறங்கி எடை ஏறினால் லாபமென்ன? அதனால்தான் 2001இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் வந்த பூமருது முடிவு கவனம் பெற்றது. ஊதாப் பூ பூக்கும் அந்த மரத்தின் இலைச்சாறு குளுக்கோஸை உள்ளே அனுப்பியது, புதிய கொழுப்புச் செல் உருவாவதையும் தடுத்தது.

உண்மையில் இன்சுலின் செலுத்தும் குளுக்கோஸில் பெரும்பங்கு தசைக்கே போகிறது. அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வில்வத்தையும் நாவலையும் தசைச் செல்களில்தான் சோதித்தார்கள். அங்கும் குளூட்-4 கூடியது. ஆனால் தசைக்குச் சாறே வேண்டியதில்லை. குழித்தறியில் மிதிக்கும் நெசவாளியின் கால்தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலேயே கதவு திறக்கிறது. அவ்வளவு நம்பகமான கஷாயம் எதையும் நான் அறியேன்.

ஆய்வுக்கூடத் தட்டில் விடும் சாறு நேராகச் செல்லைத் தொடுகிறது. வாயால் விழுங்கியது குடலையும் கல்லீரலையும் தாண்டியாக வேண்டும். தட்டில் பலித்த அளவு ரத்தத்தில் சேருவது அரிது. இட்லியிலுள்ள சிட்டிகைச் சுக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மனிதரிடம் சோதித்ததும் உண்டு. 1990இல் சென்னை ஆய்வாளர்கள் 22 பேருக்கு வழக்கமான மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் இலைச்சாறு தினம் 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் கொடுத்தார்கள். ஐந்து பேரால் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் மாத்திரையோடு சாறும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். நாட்டுமருந்துக் கடையில் பொடி வாங்குபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.