துப்பாக்கி பிடித்த கைக்குச் சோப்பு முக்கியம்!

எங்கள் எழுமலைப் பக்கம் துப்பாக்கி என்றால் பெண்களுக்கு இரண்டுதான் ஞாபகம் வரும். ஒன்று போலீஸ்காரர் கையில் இருப்பது. இன்னொன்று திருவிழாக் கடையில் பலூன் சுடுவது. மூன்றாவதாக ஏர் ரைபிள் என்று ஒன்று உண்டு. வெடிமருந்து கிடையாது. காற்றின் அழுத்தத்தால் சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தூரத்தில் குறி வைத்துச் சுடுகிறார்களே, அந்த விளையாட்டுக்கு உரியது.

என் மகள் மதுரையில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தாள். சனி, ஞாயிறுகளில் உசிலம்பட்டி வழியாகப் பஸ் ஏறிப் போவோம். அவள் சுடுவாள், நான் பெஞ்சில் உட்கார்ந்து பூக் கட்டுவேன். "சும்மாதானே இருக்கீங்கக்கா, நீங்களும் நாலு குண்டு சுட்டுப் பாருங்க" என்றார் பயிற்சியாளர். சுட்டேன். மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் விடவில்லை!

"பேரன் பேத்தி எடுக்கப் போற வயசுல இது என்னத்தா கூத்து?" என்றார் மாமியார். இப்போது நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்கு எத்தனை பத்து விழுந்துச்சு?" என்று முதலில் கேட்பவரும் அவர்தான்.

குடம் தூக்கிய இடுப்பு

ரைபிளின் எடை 5.5 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது போட்டி விதி. அதை நின்றபடி பிடிக்க வேண்டும். இடது முழங்கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துத் தாங்குவார்கள். தண்ணீர்க் குடம் சுமந்து பழகிய நமக்கு இது சுலபமாக வருகிறது! பிறகு பாதி மூச்சை விட்டு, சில விநாடி அடக்கி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குறி தப்பும். பத்து மதிப்பெண்ணுக்கு உரிய புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கடுகைவிடச் சின்னது. மனசில் கோபமோ கவலையோ இருந்தால் அன்றைக்குக் குண்டு ஊர் சுற்றும்.

பெண்களுக்கு இது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். ஏர் பிஸ்டல் வீராங்கனை மனு பாக்கருக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021-இல் நடந்தது) போட்டி நடுவே துப்பாக்கியே பழுதாகிப் போனது. அவரே 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

அரிசியில் கல் பொறுக்குவது போல

குண்டு 4.5 மில்லிமீட்டர் கனம், அரை கிராம் எடை, இடுப்பு சிறுத்த உருவம். பின்பக்க விளிம்பு நசுங்கியிருந்தால் நேராகப் போகாது. அதனால் தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்து, நசுங்கியதை ஒதுக்குவேன். எடை போட்டுப் பிரிப்பவர்களும் உண்டு.

அமெரிக்கா போன்ற நாடுகளில் இதைவிட ஒரு படி மேலே போகிறார்கள். சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்து, அடியில் பொறி கிளப்பும் மூடியும், உள்ளே நிறுத்த மருந்தும், மேலே புதுக் குண்டும் வைத்து வீட்டிலேயே நிரப்புகிறார்கள். மருந்தின் அளவு சற்றுக் கூடினாலும் துப்பாக்கியே வெடிக்கலாம். நம் நாட்டில் தோட்டாவும் வெடிமருந்தும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. நமக்கு அந்த வேலை வேண்டாம். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் பொதுவான எதிரி ஒன்று இருக்கிறது. அதுதான் ஈயம்.

கண்ணுக்குத் தெரியாத தூசி

குண்டைத் தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுவது ஈயம். அந்தக் கையால் சோறு பிசைந்தால் வயிற்றுக்குள் போகும். உடம்பில் இந்த அளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணியின் உடம்பிலிருந்து சிசுவுக்கும் போகும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும்.

எங்கள் வீட்டில் என் தங்கையின் ஒன்பது மாதக் குழந்தை தவழ்கிறது. தரையில் கிடப்பதெல்லாம் அதற்கு மிட்டாய்! அதனால் எங்கள் வீட்டு வழக்கம் இது:

* குண்டு பார்க்கத் தனித் தட்டு. அது சமையலறைக்குள் வராது. முறத்திலும் சாப்பாட்டுத் தட்டிலும் குண்டைக் கொட்டக்கூடாது.

* வேலை முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டுப் பூட்டிவிட வேண்டும். இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பெருக்கினால் தூசி பறக்கும்.

* குண்டை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. கூடவே கூடாது.

* பயிற்சிக் கூடத்தில் எதையும் தின்னக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகுதான் தண்ணீர்கூட.

* வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றி, அதைத் தனியாகத் துவைத்த பிறகே குழந்தையைத் தூக்கலாம்.

* கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையில் ஈயத்தின் அளவு தெரிந்துவிடும்.

இன்னும் மூன்று

குண்டு இல்லை என்று தெரிந்தாலும் துப்பாக்கியை ஆளை நோக்கி நீட்டக்கூடாது. குறி பார்க்கும்வரை விரல் விசையில் படக்கூடாது. துப்பாக்கி ஒரு பூட்டில், குண்டு இன்னொரு பூட்டில் இருக்க வேண்டும். ஏர் ரைபிள் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். இது பொம்மையென்று எந்தப் பையன் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.

4.5 மில்லிமீட்டரும், 20 ஜூலுக்கு மேற்படாத திறனும் உள்ள ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. தோட்டா போட்டுச் சுடுவதற்கெல்லாம் 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும்.

உங்கள் மகள் இதைக் கற்றுக்கொள்கிறேன் என்றால் பயந்து தடுக்காதீர்கள். முதலில் பயிற்சிக் கூடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே கை கழுவக் குழாயும் சோப்பும் இருக்கிறதா? கழுவாமல் யாரையும் வெளியே விடாத பயிற்சியாளர் இருக்கிறாரா? இரண்டும் இருந்தால் தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.