செம்பனைக் கழிவுநீரில் ஹைட்ரஜன்: நுண்ணுயிருக்கு மின்சாரம் எதற்கு?

மாணவர்களே, செம்பனை ஆலையைக் கடந்து போகும்போது பேருந்துக்குள் புளித்த வாடை வீசுமே, கவனித்திருக்கிறீர்களா? அது பெரும்பாலும் ஆலைக்குப் பின்னாலுள்ள கழிவுநீர்க் குளங்களிலிருந்து வருகிறது. ஒரு டன் கச்சா எண்ணெய் எடுத்தால் 2.5 முதல் 3.5 டன் வரை கழிவுநீர் வெளியாகிறது. அதில் எண்ணெய்ப் பிசுக்கும் சர்க்கரையும் நார்த்துகளும் ஏராளம். அப்படியே ஆற்றில் விட்டால், அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் செத்து மிதக்கும். அதனால்தான் குளத்தில் தேக்குகிறார்கள். ஆனால், காற்றுப் புகாத குளத்தடியில் மீத்தேன் உண்டாகிறது. 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேலாகப் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

அதே கழிவிலிருந்து ஹைட்ரஜனை எடுக்க முடியுமா? முடியும். சில நுண்ணுயிர்கள் சர்க்கரையை நொதிக்கவைத்து ஹைட்ரஜனை வெளியிடுகின்றன. ஆனால் பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றன! ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு நீருடன் முழுமையாக வினைபுரிந்தால் 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் கிடைக்க வேண்டும். நொதித்தலில் அதிகபட்சம் 4தான். மீதி 8? வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலமாகத் தேங்கிவிடுகிறது. அதற்கு மேல் வினை தானாக நடக்காது. மேட்டில் நிற்கும் சைக்கிளைப் போல யாராவது தள்ளவேண்டும்.

இங்கேதான் ஜியோபேக்டர் என்ற பாக்டீரியா உதவுகிறது. ஆற்றுச் சேற்றில் வாழும் இது, நாம் ஆக்சிஜனைச் சுவாசிப்பதுபோல் இரும்புத் தாதுவைச் 'சுவாசிக்கிறது'. அதாவது, உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை உடலுக்கு வெளியே உள்ள இரும்பிடம் தள்ளிவிடுகிறது. இரும்புக்குப் பதில் கார்பன் மின்வாயை வைத்தால், எலக்ட்ரான்கள் அதில் இறங்கிக் கம்பி வழியே மறுமுனைக்குப் போகும். அங்கே நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனிகளோடு சேர்ந்து ஹைட்ரஜன் வாயுவாகும்.

ஒரு சிக்கல். பாக்டீரியா தரும் எலக்ட்ரான்களின் மின்னழுத்தம் சுமார் -0.3 வோல்ட். ஹைட்ரஜன் உருவாக -0.41 வோல்ட் தேவை. குறைவது 0.1 வோல்ட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! அந்தக் குறையை நிரப்பவே மின்சாரம். நடைமுறையில் தடைகள் இருப்பதால் 0.3 முதல் 0.8 வோல்ட் வரை கொடுக்கிறார்கள். வெறும் நீரை மின்னாற்பகுக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட்டும், நடைமுறையில் 1.8 வோல்ட் அளவும் வேண்டும். மிச்சமாகும் ஆற்றலைத் தருவது கழிவேதான். கழிவு கரையக் கரைய நீரும் சுத்தமாகிறது.

2005 வாக்கில் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் தனித்தனிக் குழுக்கள் இதைச் செய்து காட்டின. பிறகு ஏன் நம் ஆலைகளில் இதைக் காணோம்? குளத்தடியில் மீத்தேன் உண்டாக்கும் அதே நுண்ணுயிர்கள் இந்தக் கலனுக்குள்ளும் நுழைந்து, உருவான ஹைட்ரஜனைத் தின்று மீத்தேனாக்கிவிடுகின்றன. என்னைக் கேட்டால், இந்தத் திருட்டைத் தடுப்பதுதான் மிகக் கடினமான வேலை. எண்ணெய்ப் பிசுக்கு மின்வாயில் படிவது இன்னொரு தொல்லை. அளவும் இடிக்கிறது. ஆய்வுக்கூடக் கலன்கள் பல, சில லிட்டர்கூடக் கொள்ளாதவை. மணிக்கு 60 டன் குலைகளைப் பிழியும் ஆலையோ, டன்னுக்கு 0.65 டன் என்று வைத்தாலும், ஒரு மணி நேரத்தில் 39 டன் கழிவுநீரை வெளியேற்றுகிறது.