பிள்ளை நிலத்தைப் பார்த்தால் பொய்யா?

பேச்சில் சொல்லுக்கு 7 வீதம், குரலுக்கு 38, முகபாவத்துக்கு 55 என்ற கணக்கை ஆசிரியர் செயலமர்வுகளில் அடிக்கடி கேட்கிறோம். 1967இல் வெளிவந்த அல்பர்ட் மெஹ்ராபியனின் ஆய்வுகளிலிருந்து வந்தது அது. விருப்பு வெறுப்பை வெளிப்படுத்தும் பேச்சுக்கு மட்டுமே பொருந்தும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறோம்!

காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஒரு பிள்ளையை விசாரித்தால் அது நிலத்தைப் பார்க்கும். பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை என்று உம்மாவும் வாப்பாவும் பழக்கியதுதான். "முகத்தைப் பார்த்துச் சொல்லு, பொய்தானே?" என்று அதட்டினால், உண்மை சொல்ல வந்த பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். 2003இல் பெல்லா டிபோலோ குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், கண்ணை விலக்குவது பொய்யின் நம்பகமான அடையாளமாகத் தெரியவில்லை. சந்தேகம் வந்தால் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, நடந்ததைக் கேளுங்கள்.